சென்னைக் கடற்கரை – எழும்பூர் நான்காம் இருப்புப்பாதை

சென்னைக் கடற்கரை, எழும்பூர் நிலையங்களுக்கிடையே, ஏற்கெனவே இருந்த மூன்று பாதைகளுக்கு இணையாகத் தெற்கு ரயில்வே அமைத்த, ஏறத்தாழ 4 கி.மீ. நீளமுள்ள அகலப்பாதை. நகர்ப்புற ரயில்தடத் திறன் விரிவாக்க வகையைச் சார்ந்தது.

கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931இல் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. அவற்றின் மீட்டர்பாதைச் சேவை 2004இல் முடிவுற்றது. பின்னர் கடற்கரை – எழும்பூர் பகுதியில் இரு பாதைகள் புறநகர் ரயில்களுக்குப் பயன்பட, தொலைதூர ரயில்களுக்கு ஒரே பாதை எஞ்சியது. இரு திசை வண்டிகளும் அதையே பகிர்ந்ததால், ஒன்று கடக்கும்வரை எதிர்வண்டி நிலையத்தில் காத்திருக்க நேர்ந்தது. வடக்கிலிருந்து எழும்பூர் வழியாகத் தெற்கே செல்லும் வண்டிகளுக்கு இதுவே முதன்மைத் தடையாக இருந்தது.

பணியின் பெருஞ்சிக்கல் இடநெருக்கடி. கோட்டை, பூங்கா நிலையங்களை ஒட்டிய பகுதி குறுகியது. ஒருபுறம் கூவம் ஆறு, மறுபுறம் கட்டடங்கள். 1995இல் தொடங்கிய, பெரும்பாலும் உயர்மட்டத்தில் ஓடும் பறக்கும் ரயிலின் தடமும் இங்குத் தரைமட்டத்திலேயே செல்கிறது. எனவே பணிக்கு இடம்விட 2023 ஆகஸ்ட் 27 முதல் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை இடையே அச்சேவை நிறுத்தப்பட்டது. வேளச்சேரிப் பக்கமிருந்து வந்த பயணிகள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி வேறு வழி தேட வேண்டியதாயிற்று. திட்டத்தின் கடுஞ்சுமையை ஏற்றவர்கள் இவர்களே. 2024 அக்டோபர் 29இல் சேவை மீண்டது.

நான்காம் பாதையால் தொலைதூர ரயில்களுக்குத் திசைக்கு ஒன்றாகத் தனித்தனிப் பாதைகள் கிடைத்தன. இப்பாதை 2025இல் பயன்பாட்டுக்கு வந்தது.