எந்த டம்ளரில், என்ன விலைக்கு? மதுரையில் நாம் சாப்பிட்ட வரலாறு

மேலூர்ப் பக்கமிருந்து விடிகாலையில் மாட்டுத்தாவணிக்கு வந்து நிற்கிற பேருந்துகளில், கட்டட வேலைக்குப் போகிற நம் மக்கள் இறங்குகிறார்கள். கையில் தூக்குவாளி இருக்கும். இறங்கியதும் நேராக டீக்கடைக்குத்தான் போவார்கள். அவர்கள் ஊரிலும் டீக்கடை உண்டு. பேருந்து ஏறிய இடத்துக்கு எதிரிலேயேகூட இருக்கும். அங்கே குடிக்காமல் பொறுத்திருந்து மதுரைக்கு வந்து குடிப்பவர்கள் நம்மில் ஏராளம். கேட்டால், "ஊர்க் கடை டீ ஒத்துக்காதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எது ஒத்துக்கொள்ளாது என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

ஓட்டல் விலை ஏறிவிட்டது என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். எரிவாயு சிலிண்டர், எண்ணெய், கடை வாடகை, ஜி.எஸ்.டி. என்று காரணங்களை அடுக்குகிறார்கள். குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிட்டால் இரண்டு நாள் கூலி போய்விடுகிறது என்பது உண்மைதான். அந்தக் கணக்கு நமக்கும் இருக்கிறது. ஆனால் நமக்கு அதற்கும் முந்தைய கணக்கு ஒன்று உண்டு. எந்தக் கடைக்குள் போகலாம், எங்கே உட்காரலாம், எந்த டம்ளரில் குடிக்கலாம் என்ற கணக்கு அது. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதுரையில் நாம் சாப்பிட்ட வரலாறு புரியும்.

ஊர்க் கடையிலிருந்து தொடங்குவோம். நம் பாட்டன்மார் காலத்தில் பல ஊர்களில் டீ சிரட்டையில் ஊற்றப்பட்டது. பிறகு தனி டம்ளர் வந்தது. கடைக்கு வெளியே கூரையில் செருகி வைத்திருப்பார்கள், அல்லது ஆணியில் மாட்டியிருப்பார்கள். நாமே எடுத்து, உயரத்திலிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, நாமே கழுவி, இருந்த இடத்தில் வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது, தரையில் குந்தலாம். காசு மட்டும் எல்லோருக்கும் ஒரே காசுதான். தீண்டாமை என்றைக்கும் நமக்குத் தள்ளுபடி கொடுத்ததில்லை.

நகரம் மட்டும் வாசலைத் திறந்தா வைத்திருந்தது? அன்றைய காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். நமக்கு எந்த இடமும் இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை நடந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் தொடர்ந்து போராடிய பிறகு 1941இல்தான் ரயில்வே அதைக் கைவிட்டது. நகரத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த காலம் அது. தனியார் பேருந்துகள் நம்மை ஏற்ற மறுத்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்றாத பேருந்துகள் ஓட முடியாது என்று ஆணையிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் நம்மவர்கள் பலர் டிக்கெட் வாங்கி இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்டோர் வைத்தியநாத ஐயருடன் நுழைந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். நல்லது. ஆனால் கோயிலைச் சுற்றியிருக்கும் ஆவணி வீதியிலும் மாசி வீதியிலும் இருந்த காபிக் கடைகளுக்குள் நாம் எப்போது நுழைந்தோம் என்று யாரும் நினைவுகூர்வதில்லை. அதற்கு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. சாமியை ஆண்டுக்கு நாலு முறை பார்த்தால் போதும். வயிறு தினமும் மூன்று வேளை கேட்கும்.

அண்ணல் அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் பொது உணவகங்களையும் விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சாதியின் பெயரால் அங்கே யாரையும் தடுக்க முடியாது என்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதிக்கப்பட்டபோது, 'கடை' என்றால் எதுவரை என்ற கேள்வி எழுந்தது. உள்ளே நுழைய விடுவது மட்டும் போதாது, அங்கே கிடைக்கிற சேவையும் கிடைத்தாக வேண்டும் என்ற விரிந்த பொருளிலேயே அந்தச் சொல் வைக்கப்பட்டிருக்கிறது என்று அவர் விளக்கினார். துணி வெளுக்கிற கடையும் முடிதிருத்தும் கடையும் அதில் அடக்கம்.

1955 ஜூன் 1 முதல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உணவகத்துக்குள் போவதைத் தடுப்பது குற்றம் என்று சொல்லிவிட்டு, அங்கே பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாகச் சொல்கிறது. ஒரு நாடு தன் சட்டப் புத்தகத்தில் டம்ளரையும் தட்டையும் பற்றி எழுத வேண்டியிருந்தது. உள்ளே விட்டுவிட்டு டம்ளரில் பிரித்துவிடுவார்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தச் சட்டம்தான் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

இரண்டே ஆண்டுகளில், 1957இல் நடந்த இரண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றார்கள். கடைசியில் அந்தச் சொல் அகன்றது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, மதுரைக்குத் தென்கிழக்கே பரமக்குடியில், தீண்டாமைக்கு எதிராக நம் மக்களைத் திரட்டிய இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். பெயர்ப் பலகைப் போராட்டத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஓட்டலுக்குள் சமமான இடம் கேட்டவர்களின் போராட்டமும், டீக்கடை வாசலில் குந்தியிருந்தவர்களின் போராட்டமும் ஒன்றல்ல. முன்னதில் சிறை கிடைத்தது. பின்னதில் உயிரே போனது.

சட்டம் வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இரட்டைக் குவளை இருந்தது. 1990களில் மதுரையிலிருந்து எழுந்த விடுதலைச் சிறுத்தைகளும், பிறகு பல தலித் அமைப்புகளும், பெரியார் இயக்கங்களும், தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மீண்டும் மீண்டும் இதே டம்ளரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. வழக்கு வந்ததும் கடைக்காரர்கள் திருந்திவிடவில்லை, முறையை மாற்றினார்கள். தனி டம்ளர் போய்த் தூக்கி எறிகிற கப் வந்தது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குப் பேப்பர் கப். கேட்டால், "சுத்தமா இருக்கட்டும்னுதான்" என்று பதில். 2019 ஜனவரியில் தமிழக அரசு பிளாஸ்டிக் கப்புகளையும் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புகளையும் தடை செய்தபோது எல்லோரும் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினார்கள். இனி நமக்கு எதில் டீ ஊற்றுவார்கள் என்ற கேள்வி நமக்குத்தான் வந்தது.

அதனால்தான் மதுரையின் கையேந்தி பவன்கள் நமக்கு வெறும் மலிவுக் கடைகள் அல்ல. தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறார்களே, அந்த இரவுக் கடைகளில், தள்ளுவண்டி ஓரத்தில், இட்லித் தட்டையோ புரோட்டா சால்னாவையோ கையில் ஏந்தி எல்லோரும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள். பெஞ்சே இல்லாத இடத்தில் யாரை எழுப்ப முடியும்? பக்கத்தில் நிற்பவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. ஊரில் கிடைக்காத ஒன்றை நகரம் இப்படித்தான் நமக்குக் கொடுத்தது. நம்மை யாரென்று தெரியாததால் கிடைத்த சமத்துவம் அது. தெரிந்தும் கிடைப்பதுதான் உரிமை.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு இடங்களில் பார்க்கலாம்.

ஒன்று, கடைப் பலகை. மதுரைத் தெருக்களில் நடந்தால் அய்யர் மெஸ், கோனார் மெஸ், நாடார் மெஸ், செட்டியார் மெஸ் என்று பலகைகள் தெரியும். சாதிப் பெயரே சுவைக்கும் சுத்தத்துக்கும் உத்தரவாதம்போல அங்கே தொங்குகிறது. நம் சாதிப் பெயரைப் போட்டு ஒரு பலகை தொங்க முடியுமா? நம்மவர்கள் இட்லிக் கடை போட்டால் சாமி பெயரையோ பிள்ளை பெயரையோதான் வைக்கிறார்கள். ஓட்டல் தொழில் சொந்த பந்தத்தின் வழியாகப் பரவுகிற தொழில். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியைச் சேர்ந்த நாயுடு, ரெட்டியார் குடும்பங்கள் முனியாண்டி சாமி பெயரில் ஊர் ஊராக அசைவ ஓட்டல் நடத்துவது எல்லோருக்கும் தெரியும். மாமன் கடையில் வேலைக்குச் சேரும் மருமகன், தொழில் படித்து, சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கித் தனிக்கடை போடுகிறான். உழைப்பால் வந்த வளர்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியில் கோக்கப்பட நம்மிடம் முதலும் இல்லை, நம் கைச் சமையலைத் தேடி வரும் கூட்டமும் இல்லை. நமக்கு ஓட்டலில் கிடைத்த வேலை பெரும்பாலும் எச்சில் இலை எடுப்பது, பாத்திரம் கழுவுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது.

இரண்டாவது இடம், வாடகை வீடு. படித்து மதுரைக்கு வேலைக்கு வரும் நம் பிள்ளைகளிடம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது முன்பணத்தை அல்ல. "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" அடுத்து, "கறி சமைப்பீங்களா?" இதற்கு மேல் எதையும் கேட்க வேண்டியதில்லை. வீடு கிடைக்காதவர் அடுப்பு வைக்க முடியாத ஒற்றை அறையில் தங்குகிறார். அடுப்பு இல்லாவிட்டால் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. இல்லையென்றால் நகரத்துக்கு வெளியே தள்ளிப் போய்க் குடியிருந்து, தினமும் பேருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும். ஒரே சம்பளம் வாங்குகிற இருவரில் ஒருவர் கையில் மாதக் கடைசியில் காசு நிற்கிறது, இன்னொருவர் கையில் நிற்பதில்லை. சிக்கனம் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்கிறார்கள். சாதி வாங்கிக்கொண்டு போகிற இந்தத் தொகை எந்தக் குடும்ப வரவுசெலவு நோட்டிலும் எழுதப்படுவதில்லை.

இந்த இடத்தில் அரசாங்கத்தின் சமையலறையைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் அதே ஆண்டு ஜூனில் மதுரைக்கும் வந்தது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். காலையில் நாலு இட்லி, மதியம் இரண்டு சாதமும் வாங்கினால் 12 ரூபாயில் இரண்டு வேளை முடிந்தது. சுமை தூக்குபவரும், துப்புரவுத் தொழிலாளியும், மருத்துவமனையில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வந்தவரும் ஒரே வரிசையில் டோக்கன் வாங்கி ஒரே மாதிரித் தட்டில் சாப்பிட்டார்கள். சமைத்தவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்கள் என்ன சாதி என்று கேட்டுவிட்டு யாரும் டோக்கன் வாங்கவில்லை.

கேட்கிற இடங்களும் இருக்கின்றன. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. டம்ளர் சண்டை அடுப்பங்கரைக்கு இடம் மாறியிருக்கிறது.

மலிவு உணவைப் 'பிச்சை' என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் 1960இல் வெள்ளையருக்கு மட்டுமான உணவகங்களில் உட்கார்ந்து போராடி அந்த உரிமையை வென்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் பேசிய மார்ட்டின் லூதர் கிங், உணவகத்தில் உட்கார உரிமை கிடைத்தும் ஒரு காபிக்கும் ரொட்டிக்கும் கொடுக்கக் கையில் காசில்லை என்றால் என்ன பயன் என்று கேட்டார். மதுரையின் துப்புரவுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் யார் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கேள்வி அவர்களுக்கும் பொருந்தும்.

எனவே நம் கோரிக்கை எளிது. பொது உணவகங்கள் எந்தக் கட்சி தொடங்கியவை என்று பார்க்காமல் தரமாக நடக்க வேண்டும். பேருந்து நிலையம், மருத்துவமனை, கட்டடத் தொழிலாளர் காத்து நிற்கும் சந்திப்பு என்று அவை இன்னும் பெருக வேண்டும். பள்ளிச் சமையலறையில் நம் பெண்களைத் தடுப்பவர்கள்மீது சமாதானப் பேச்சு நடத்தாமல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும். துப்புரவுத் தொழிலாளிக்கு, ஓட்டலில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குக் கூலி வேண்டும்.

மாட்டுத்தாவணியில் இறங்குகிற நம்மவர், ஏறிய ஊரிலேயே, அதே கிளாஸில், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். அன்றைக்கு மதுரை டீ நமக்கும் வெறும் டீயாக இருக்கும்.