இரு வீடுகள், ஓர் இரவு: ‘நைட் கேலரி’யின் டிராகுலா

அமெரிக்காவின் என்பிசி அலைவரிசை 1971 அக்டோபர் 27 அன்று ஒளிபரப்பிய ‘நைட் கேலரி’ நிகழ்ச்சியின் இரண்டாவது கதை ‘தி டெவில் இஸ் நாட் மாக்ட்’. நாஜிப் படைத்தலைவன் ஃபான் குரூன் ஒரு கோட்டையைக் கைப்பற்ற வருகிறான். கோட்டைக்குரியவர் விருந்து வைக்கிறார். அன்றிரவே படை அழிகிறது. விருந்து வைத்தவர் டிராகுலா. பெருந்தீமையை வீழ்த்தும் சிறுதீமை என்றே இக்கதையை இதுவரை வாசித்து வந்திருக்கிறார்கள். நாஜியை எதிரே நிறுத்தியதும் இரத்தக் காட்டேரி நம் பக்கத்தவன் ஆகிவிடுகிறான், பார்ப்பவரும் ஆறுதலோடு எழுந்து போகிறார் என்பது அந்த வாசிப்பு. கதையைத் தனியே எடுத்துக்கொண்டால் அதில் பிழையில்லை. தனியே எடுத்துக்கொண்டதுதான் பிழை.

அன்றைய முதல் கதை ‘எ கொஸ்டின் ஆஃப் ஃபியர்’. மலோய் என்ற முன்னாள் படை அதிகாரி, பேய் உலவுவதாகச் சொல்லப்படும் வீட்டில் ஓரிரவு தங்குவதாகப் பந்தயம் கட்டுகிறான். பந்தயத்துக்கு இழுத்த மாஸி, போரில் மலோயால் கைகள் எரிக்கப்பட்ட பியானோ கலைஞரின் மகன். மலோய் நாஜி அல்லன். நாஜிகளை எதிர்த்த தரப்பில் நின்று போரிட்டவன். ஆக, ஒரே மணி நேரத்துக்குள் இருமுறை ஒரு படைவீரன் இரவில் அந்நிய வீட்டுக்குள் நுழைகிறான். இருமுறையும் வீட்டுக்குரியவர் போரின் கணக்கைத் தீர்க்கிறார். முதல் கதையைப் பார்த்து முடித்தவருக்கு இரண்டாவதில் ‘நம் பக்கம்’ எது என்பது அவ்வளவு எளிதாகத் தெரிந்திருக்குமா?

பின்னாளில் மறுஒளிபரப்புக்காக இத்தொடரை அரைமணித் துண்டுகளாக வெட்டி ஒட்டினார்கள். எந்தக் கதைக்கு எது அண்டை என்பதே அதில் குலைந்தது. முந்தைய வாசிப்பின் வேர் இந்தச் சிதைவில் இருக்கலாம் என்று கருதுகிறேன்.

இரண்டாவது கதையை அதன் மூலத்தோடு ஒப்பிட்டால் இரு கதைகளின் உறவு மேலும் தெளிவாகிறது. மேன்லி வேட் வெல்மன் 1943இல், போர் முடியாத நாளில் எழுதிய சிறுகதை ஃபான் குரூனின் தோளருகே நகர்கிறது. காரில் அமர்ந்திருக்கும் அவன் கண்ணால்தான் கோட்டையைக் காண்கிறோம். திரைக்கதை எழுதி இயக்கிய ஜீன் கியர்னி அந்தக் கண்ணை மாற்றினார். தொலைக்காட்சியில் டிராகுலா தன் பேரனுக்குப் போர்க்கதை சொல்கிறார். இதை வெறும் வேடிக்கைச் சட்டகம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மாஸி தந்தையின் கைகளைப் பற்றிப் பேசுகிறான், டிராகுலா பேரனிடம் பேசுகிறார். இரு கதைகளிலும் போர் தலைமுறை கடந்து வீட்டுக்குள்ளேயே சொல்லப்படுகிறது. படைவீரனின் போரைச் சொல்லும் உரிமை வீட்டாருக்குப் போய்விடுகிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் இது சிறிய மாற்றமன்று.

நடிகர் தேர்வும் இதே திசையில் நிற்கிறது. டிராகுலாவாக வரும் ஃபிரான்சிஸ் லெடரர் பிராக் நகரில் பிறந்தவர். 1958இல் ‘தி ரிட்டர்ன் ஆஃப் டிராகுலா’ படத்தில், இறந்தவனின் பெயரைப் பூண்டு கலிஃபோர்னியக் குடும்பமொன்றில் புகும் டிராகுலாவாக நடித்தவரும் அவரே. அங்கே வந்தேறி, இங்கே வீட்டுக்காரர். ஃபான் குரூனாக நடித்த ஹெல்முட் டான்டைன் வியன்னாக்காரர்; 1938இல் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியபின் நாஜிகளால் சிறை வைக்கப்பட்டவர். அழைப்பின்றிக் காட்டேரி வாசலைத் தாண்ட முடியாது என்பது பிராம் ஸ்டோக்கர் 1897இல் நாவலில் வைத்த விதி. இங்கே அழைப்பின்றி வாசலைத் தாண்டுவது படை.

நீளத்துக்குப் பொருந்திய கதைகளைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான் என்பர். இருக்கலாம். தொடரின் தயாரிப்பாளர் ஜாக் லேர்டே முதல் கதையை இயக்கினார் என்பதைச் சுட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இணைவு தரும் பொருளுக்கு இணைத்தவரின் வாக்குமூலம் தேவையில்லை. டிராகுலா யாரையும் கொல்வான், நாஜி அகப்பட்டது தற்செயல் என்ற மறுப்பு பேரன் எதிரே அமர்ந்திருப்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. தற்செயலாகக் கிடைத்த இரையைப் பற்றி யாரும் பேரனை உட்கார்த்திவைத்துச் சொல்வதில்லை.