தோப்பிலிருந்து ஏறிய பள்ளிக்கூடம்

கொடைக்கானல் ஏழுரோட்டுப் பக்கம் போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அங்கே இருக்கிற கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூல் ஒரு கேட்டும் ஒரு வாட்ச்மேனும்தான். பாச்சலூரிலிருந்து கே.சி.பட்டி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று வளைந்து வளைந்து, தாலுகா ஆபீஸ் காரியமாக வருகிறவன் உள்ளே எட்டிப் பார்க்க நேரம் ஏது? நான் வாத்தியார் வேலை பார்த்தவன். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தை நின்று பார்க்கிற புத்தி எனக்கு விடவில்லை. புதுக் கட்டடம், புது மைதானம், புது நூலகம் என்று எந்தப் பள்ளி கொண்டாடினாலும், இதெல்லாம் எந்த வழியாக, யார் தலையில் ஏறி வந்தது என்று கேட்பது என் வழக்கம். மலைமேல் இருக்கிற பள்ளியிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834இல். வந்த வேகத்தில் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. வெயிலுக்குத் தப்பிச் சிறுமலைக்குப் போனார்கள், அங்கே மலைக்காய்ச்சல். அப்புறம்தான் பழனிமலையின் உச்சியைத் தேடி வந்து, 1845இல் ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு வீடு கட்டினார்கள். கொடைக்கானல் என்கிற ஊர் அப்படித்தான் தொடங்கியது. இன்றைக்கு எல்லாரும் படகு விடுகிற ஏரியே 1863இல்தான் வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டியது அது.

எனக்கு விநோதமாகப் படுவது இதுதான். இதே மிஷன்காரர்கள் சமவெளியில் நம் பிள்ளைகளுக்காக ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர்கள். திருமங்கலத்திலிருந்த செமினரியைப் பசுமலைக்குக் கொண்டுபோனதும் 1845தான். ஆனால் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு மலைமேல் ஒரு பள்ளி வைக்க அவர்களுக்கு இன்னும் 56 வருஷம் ஆயிற்று. அதுவரை பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு முதலில் அப்பா இந்தியா திரும்பினார், பிறகு அம்மாவும். மாசாசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு என்கிற ஊர்ப் பள்ளியில் படித்தாள். அப்படி வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ. மகனோ மகளோ அடுத்த முறை எதிரே நிற்கும்போது பெற்றவளுக்கே அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்.

இந்தப் பிரிவுக்கு முடிவு கட்டத்தான் 1901 ஜூலையில் ‘ஹைக்ளார்க்’ என்ற ஹோட்டல் பள்ளிக்கூடமானது. ஹோட்டலின் பெயரே பள்ளிக்கும் நிலைத்தது. 13 பிள்ளைகள். முதல் தலைமையாசிரியை மார்கரெட் எடி. வேலைக்கென்று வந்தவரல்ல, கான்ஸாஸிலிருந்து, இங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த மகன் ஷெர்வுட் எடியைப் பார்க்க வந்த அம்மா. வந்த இடத்தில் பள்ளியை ஏற்றுக்கொண்டார். வளாகத்தில் இருக்கும் ஜெபாலயத்துக்கு அவர் பெயர்தான். 

இனி சுமை. 1875இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்துவிட்டது. இப்போதைய கொடைரோடு ஸ்டேஷன். அங்கிருந்து மாட்டுவண்டியில் ராத்திரி முழுக்கப் போனால் பெரியகுளத்துக்கு மேலே கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. வண்டித்தடம் அங்கே முடிந்தது. அதற்குமேல் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூர் வரை செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும் ஏறினார்கள். கொஞ்சம் தெம்புள்ளவர்கள் மட்டக்குதிரையில். மற்றதெல்லாம் ஆள் தலையில். கண்ணாடி ஜன்னல், தகரம், கட்டில், கரும்பலகை, புத்தகப் பெட்டி, பிள்ளைகள் தின்கிற அரிசி, மாவு எல்லாமே அப்படித்தான். எங்கள் கீழ்மலையில் ஆரஞ்சும் மலைவாழையும் குதிரை முதுகில் இறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சரிவில் சுமை என்பது கழுத்தையல்ல, முழங்காலைத்தான் தின்னும். சுமந்து ஏறினவர்கள் சமவெளிக் கூலிக்காரர்கள். அவர்கள் பெயரைப் பொறித்த கல்வெட்டு எதையும் நான் அங்கே பார்த்ததில்லை.

லா என்கிற மேஜர் போட்ட திட்டத்தில் மலைச்சாலை 1870களிலேயே ஆரம்பமானாலும், அது முடிந்து திறக்க 1914-16 ஆகிவிட்டது. அதாவது, பள்ளியின் முதல் பத்துப் பதினைந்து வருஷத்து வசதி அத்தனையும் தோப்பிலிருந்து கால்நடையாக ஏறியவை.

அந்தக் காலத்துப் பள்ளிக் காலண்டரும் பெற்றோரை வைத்தே போட்டது. ஏப்ரல், மே மாதங்களில் தாய் தகப்பன் மலையேறி வந்து பிள்ளைகளோடு இருப்பார்கள். அதனால் நம்மூரில் பள்ளி மூடுகிற அந்த வெயில் காலத்தில் இங்கே வகுப்பு நடக்கும். பெரிய லீவு அக்டோபர் வாக்கில் தொடங்கும். பிள்ளைகள் மலையிறங்கி, மழையும் பனியும் கண்ட சமவெளியில் பொங்கலை ஒட்டிய நாள் வரை பெற்றோரோடு கழிப்பார்கள். சொந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியின் வருஷத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே காலத்தில் இதே மதுரைச் சீமையிலிருந்து மலேயாவுக்கு ரப்பர் பால் எடுக்கப் போன நம் சனங்களும், இந்த மிஷனரிகளைப் போலவே, அயல்நாட்டில் பிழைத்தவர்கள்தான். ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று 1923இல் சட்டமே போட வேண்டியிருந்தது. வந்தது பெரும்பாலும் ஒரு ஓலைக் கொட்டகை. வெளிநாட்டில் வாழ்கிறவன் என்பது ஒரே சாதியல்ல.

1960களில் மிஷனரிகளுக்கு விசா கிடைப்பது குறைந்தது, பிள்ளைகளும் குறைந்தார்கள். பள்ளி 1970களில் கதவை அகலத் திறந்து, இந்தியப் பிள்ளைகளையும் பல தேசத்தாரையும் சேர்த்துக்கொண்டு, கொடைக்கானல் இண்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. சர்வதேச பாக்கலோரியா என்ற படிப்பை 1976இல் இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்ததும் இதுதான். மிஷன் பள்ளியாகவே இருந்திருந்தால் மூடியிருப்பார்கள் என்பது என் எண்ணம். அந்தக் கதவு பாச்சலூர் வரைக்கும் அகலமாகவில்லை. கட்டணம் அப்படி.

சாலை வந்ததும் தோப்புப் பாதையில் சுமை ஏறுவது நின்றது. பாதை போய்விடவில்லை, ‘கூலி காட்’ என்றே அதற்குப் பெயர். மலையேற்றம் இந்தப் பள்ளியில் பாடத்துக்குச் சமானமான பழக்கம் என்பதால், கூலிக்காரர்கள் வயிற்றுக்காக ஏறிய வழியில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வாரக் கடைசியில் சந்தோஷமாக நடந்து போனார்கள்.