மாத்திரை எதைத் தணிக்கிறது? பேராக் தமிழரும் புலன் மிகைச்சுமைக்கான மருந்துத் தேடலும்

திருமண மண்டபத்து ஒலிபெருக்கியையோ, மோட்டார்சைக்கிள் உறுமலையோ, மினுக்கும் டியூப்லைட்டையோ தாங்க முடியவில்லை என்று ஒருவர் மருந்து கேட்கும்போது இரண்டு துன்பங்களைச் சேர்த்தே சொல்கிறார். ஒலியும் ஒளியும் வந்து மோதும் நேரத்து வேதனை ஒன்று. அடுத்து எப்போது மோதுமோ என்று வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தொடங்கிவிடும் பதற்றம் மற்றொன்று. முதலாவதை நேரடியாகக் குறைப்பதாக நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை, இரண்டாவதற்கு உண்டு. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்காத மருத்துவம் நோயாளியை மந்தப்படுத்துவதில்தான் போய் முடியும். மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழரிடையே அப்படி முடிவதற்கு வரலாறும் துணைநின்றிருக்கிறது என்பது என் வாதம்.

லியோ கானர் 1943இல் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, அவர் கண்ட 11 குழந்தைகளில் சிலர் தூசி உறிஞ்சும் கருவியின் இரைச்சலுக்கு நடுங்கியது பதிவாகியிருக்கிறது. ஆனால் புலன் மிகையுணர்வு ஆட்டிசத்தின் அறிகுறிப் பட்டியலில் முறையாக இடம்பெற்றது 2013இல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான். இடைப்பட்ட 70 ஆண்டுகளில் ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தத் துன்பத்தைச் சொல்லி மருத்துவரிடம் போக வழியே இருக்கவில்லை.

தோட்டத்தில் மருத்துவம் என்றால் டிரஸ்ஸர். காய்ச்சலா, காயமா, இன்று பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானித்தவர் அவர். கண்ணுக்குத் தெரியாத நோய் அங்கே வேலைக்கு மட்டம் போடுவதாகவே எண்ணப்பட்டது. அதைத் தாண்டினால் அடுத்தது தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்கு அருகே 1911இல் திறக்கப்பட்டு, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று வழங்கும் அந்த மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயர் நாடெங்கும் கேலிச்சொல்லாகிவிட்டது. டிரஸ்ஸருக்கும் அந்தக் கேலிக்கும் நடுவில் அகப்பட்டவர் பேசக் கற்றது உடம்பின் மொழியைத்தான்: ‘தூக்கம் வரல, தல கிறுகிறுக்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது.’

இந்த மொழிக்குக் கைவசமிருக்கும் விடை தூக்க மாத்திரை. பென்சோடயசெப்பின் வகை மருந்துகள் பதற்றத்தை அரைமணி, ஒருமணி நேரத்தில் அடக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சில வாரங்களிலேயே உடல் அவற்றைச் சார்ந்துவிடக்கூடும். திடீரென்று நிறுத்தினால் வரும் அறிகுறிகளில் ஒலியும் ஒளியும் தாங்காமையும் ஒன்று. சத்தத்துக்காக விழுங்கிய மாத்திரையே சத்தத்தைப் பெரிதாக்கித் திருப்பித் தருகிறது. நோயாளியோ தன் நோய் முற்றிவிட்டதாக நினைத்து இன்னொன்றை விழுங்குகிறார்.

புரோப்ரனலால் இன்னும் நேர்மையான மருந்து என்பேன். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போகவேண்டும், உறுமி மேளத்தை நினைத்தாலே கை நடுங்குகிறது என்பவருக்கு அது இதயத் துடிப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். உறுமியின் ஒலி குறையாது. அதற்குக் காதடைப்பான்தான் வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கோ அந்த மாத்திரையே ஆகாது. செர்ட்ரலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் பதற்ற நோய்க்குப் பயன்படுபவை, பலன் தெரியச் சில வாரமாகும். முதல் வாரத்தில் சிலருக்குப் படபடப்பு கூடும் என்பதால் புலன் கூர்மை மிக்கவருக்குக் குறைந்த அளவில் தொடங்குவதே முறை. 2009இல் ஆட்டிசமுள்ள 149 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் சிட்டலொப்ராம் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களை, பதற்றத்தை அல்ல. அதைக் காட்டி வளர்ந்தோருக்கும் மருந்து வீண் என்று சொல்வது அவசரம்.

சூழல்தான் காரணம், மருந்தே வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ரப்பர் பால்வெட்டு விடியற்காலையில் தன் நிரையில் தனியே செய்யும் வேலை. கூட்டம் ஒவ்வாதவருக்கும் அதில் ஓர் இடம் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் மலிவு அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலை ஷிஃப்டுக்கும் பெயர்ந்தபோது அந்த இடம் போயிற்று. ஆனால் லயத்தை ஏகாந்த ஆசிரமமாக்க வேண்டாம். பலகைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவதுகூடக் கேட்கும். ரப்பர் கொட்டகையின் அமிலவாடையைக் குமட்டாமல் தாங்க எல்லாராலும் முடிந்ததில்லை. மேலும், ஆறாவது மாடியில் குடியிருப்பவரிடம் சூழலை மாற்று என்பது சிகிச்சையாகாது.

மருந்துக்கே திரும்பினால், அமெரிக்காவில் ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் 2006இலும் அரிபிபிரசோல் 2009இலும் அங்கீகாரம் பெற்றன. புலன் மிகைச்சுமைக்கென்று இரண்டும் பெறவில்லை. ரிஸ்பெரிடோனுக்கு அடித்தளமிட்ட 2002ஆம் ஆண்டு ஆய்வில், 8 வாரத்தில் மருந்துண்ட பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ எடை கூடினர். வெற்று மாத்திரை உண்டோர் 0.8 கிலோ. கூடும் எடை நீரிழிவுக்கு வழிவிடும். மலேசியாவில் 2019 தேசிய ஆய்வின்படி வளர்ந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31. எரிச்சல் அடங்கியது என்பதற்காக ரிஸ்பெரிடோனை ஆண்டுக்கணக்கில் நீட்டிப்பதன் விலை பேராக்கின் புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள தமிழ்க் குடும்பத்துக்கு மற்றவர்களைவிட அதிகம். 1 வெள்ளிக் கட்டணத்தில் பார்க்கும் அரசு சுகாதார நிலையத்தில் எடையும் இரத்தச் சர்க்கரையும் அளக்க முடியும். மருந்து தொடங்கும் நாளில் அந்த இரண்டு எண்களோடு, எந்தத் துன்பத்துக்காகத் தொடங்கப்படுகிறது, எத்தனை வாரம் பார்ப்பது, பலனில்லையேல் அளவை எப்படிப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்பதும் நோயாளியின் அட்டையில் அவருக்குப் புரியும் மொழியில் எழுதப்பட வேண்டும்.