வீட்டுக்கல்வியில் அறிவியல் கற்றல் வளங்கள்

வீட்டுக்கல்வியில் அறிவியல் கற்றல் வளங்கள் எனப்படுபவை, பள்ளிக்குச் செல்லாமல் பெற்றோரின் பொறுப்பில் வீட்டிலிருந்தே பயிலும் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் முதலிய துறைகளைக் கற்பதற்குப் பயன்படும் நூல்கள், கருவிகள், சோதனைப் பெட்டிகள், இதழ்கள், மென்பொருள்கள் முதலியன ஆகும். மொழியையும் கணிதத்தையும் பெரும்பாலும் நூல்களின் துணையோடு வீட்டில் கற்பிக்க இயலும். அறிவியலுக்கு அவதானிப்பும் செய்முறையும் இன்றியமையாதவை என்பதால், அதற்கான வளங்களைத் தெரிவு செய்வது வீட்டுக்கல்வியில் கடினமான பணிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அறிவியல் கல்வியில் பள்ளி மாணவருக்கு மூன்று வசதிகளை வழங்குகிறது. அவை ஆய்வுகூடம், பிழைகளைத் திருத்தும் பாட ஆசிரியர், கற்றதைச் சான்றுப்படுத்தும் தேர்வு என்பன. வீட்டில் கற்கும் பிள்ளைக்கு இம்மூன்றையும் எவ்வாறு ஈடு செய்வது என்பதே வளத் தெரிவின் அடிப்படைக் கேள்வியாகும்.

வரலாறு

முறையான பள்ளிக் கல்வியை மிகக் குறைவாகவே பெற்ற மைக்கேல் பரடே (1791–1867), இலண்டனில் நூல் கட்டும் தொழில் பழகுநராக இருந்தபோது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்து அறிவியல் கற்றார். அவற்றுள் சேன் மார்செட் என்னும் பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் குறிப்பிடத்தக்கது. அந்நூலின் கூற்றுகளைத் தன்னால் இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்த பின்னரே அதன் மீது நம்பிக்கை கொண்டதாக பரடே பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். மெழுகுவர்த்தி ஒன்றைக் கொண்டே வேதியியலின் அடிப்படைகளை விளக்கும் அவரது சொற்பொழிவுகள் 1861 இல் நூலாக வெளிவந்தன. அந்நூல் இன்றும் வீட்டுக்கல்வியில் பயன்படுகிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), வீட்டுக்கல்வி குறித்த தமது முதல் நூலை 1886 இல் வெளியிட்டார். சிறு பிள்ளைகள் நாள்தோறும் வெளியில் சென்று செடிகளையும் பறவைகளையும் கவனித்து, கண்டவற்றை வரைந்து குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்பது அவரது கொள்கை. ஐக்கிய அமெரிக்காவில் அன்னா பாட்சுபோர்டு காம்சுடாக் 1911 இல் எழுதிய இயற்கைப் பாடக் கையேடு இதே நோக்கில் அமைந்தது. இதில் பறவை, பூச்சி, செடி, பாறை, வானிலை முதலியவை பற்றி 200 க்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியருக்கான விளக்கத்தைத் தொடர்ந்து, பிள்ளை நேரில் பார்த்தே விடை காணவேண்டிய கேள்விகள் தரப்படுகின்றன.

இரண்டாம் உலகப் போரில் அழிந்த பள்ளிகளின் ஆசிரியர்களுக்காக யுனெசுக்கோ 1948 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டது. எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கருவிகள் செய்யும் முறைகளை விளக்கிய அந்நூல் விரிவாக்கப்பட்டு, 1956 இல் அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளிவந்தது. இதன் திருத்திய பதிப்பு 1973 இல் வெளியானது. ஆய்வுகூடம் இல்லாத பள்ளிகளுக்காக எழுதப்பட்ட இந்நூல், ஆய்வுகூடம் இல்லாத வீடுகளுக்கும் பொருத்தமானது.

சட்டமும் தேர்வும்

எந்த வளம் தேவை என்பதை, பிள்ளை வாழும் இடத்தின் சட்டமும் பின்னர் எழுதவிருக்கும் தேர்வும் பெருமளவு தீர்மானிக்கின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் 1993 அளவில் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டிருந்தது. அந்நாட்டின் கல்விப் புள்ளியியல் மையம் வீட்டில் கற்கும் மாணவர்களின் எண்ணிக்கையை 1999 இல் சுமார் 8.5 இலட்சம் எனவும், 2016 இல் சுமார் 17 இலட்சம் எனவும் மதிப்பிட்டது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. பென்சில்வேனியாவில் அறிவியல் கட்டாயப் பாடம் ஆகும். டெக்சாசில் கற்பிக்கப்பட வேண்டிய பாடங்களாகக் கூறப்படுபவற்றுள் அறிவியல் இடம்பெறவில்லை.

இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வகையிலோ தகுந்த கல்வி அளிக்கப் பெற்றோருக்கு இடமளிக்கிறது. வீட்டில் கற்போர் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றவேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வுகூடத்தில் செய்யும் சோதனைக்கு மாற்றாக, செய்முறை குறித்த எழுத்துத் தாளை அனுமதிக்கும் பன்னாட்டு இடைநிலைத் தேர்வுகளைத் தனித்தேர்வர் பலர் தெரிவு செய்கின்றனர். உயர்நிலைத் தேர்வில் நிலைமை வேறு. 2015 இல் அறிமுகமான பாடத்திட்டத்தின்படி, அறிவியல் பாடங்களில் செய்முறைத் திறன் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து தனியாகச் சான்றளிக்கப்படுகிறது. இதனைப் பெற, மாணவர் ஏதேனும் ஒரு தேர்வு மையத்தின் ஆய்வுகூடத்தில் சோதனைகளைச் செய்தாக வேண்டும்.

இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் (2009), 6 முதல் 14 அகவை வரையான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. வீட்டுக்கல்வியை அச்சட்டம் வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. வீட்டில் கற்போர் பலர் 1989 இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி வாயிலாகப் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தேர்வுகளை எழுதுகின்றனர். அவற்றின் அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. எனவே நூலைப் படிப்பதோடு, கருவிகளைக் கையாளும் பழக்கமும் தேர்வுக்கு முன்னரே ஏற்பட்டிருத்தல் வேண்டும்.

வளங்களின் வகைகள்

முழுப் பாடத்திட்டப் பொதிகள்: ஓராண்டுக்குரிய பாடநூல், பயிற்சி ஏடு, விடைக் குறிப்பு, பொருள்கள் ஆகியவை ஒன்றாக விற்கப்படுபவை. பால்ட்டிமோரின் கால்வெர்ட் பள்ளி 1906 இல் அஞ்சல் வழியே வீட்டுப் பாடங்களை வழங்கத் தொடங்கியது. பெற்றோருக்குத் திட்டமிடும் வேலையைக் குறைப்பது இவ்வகையின் நன்மை. பிள்ளையின் வேகத்துக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ப மாற்ற இயலாமை இதன் குறை.

பெற்றோருக்கான கையேடுகள்: பிள்ளை படிப்பதற்காக அன்றி, கற்பிப்பவர் படிப்பதற்காக எழுதப்பட்டவை. காம்சுடாக்கின் நூலும், பெர்னார்டு நெபல் 2007 இல் தொடக்க வகுப்புகளுக்கு எழுதிய நூலும் இவ்வகையின. விலை குறைவு, ஆனால் பெற்றோர் முன்னதாகப் படித்து ஆயத்தம் செய்ய வேண்டும்.

எளிய பொருள் சோதனைகள்: மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடைபெற்ற ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமப் பள்ளிகளில் சோதனை வழி அறிவியலை அறிமுகப்படுத்தியது. அத்திட்டத்தோடு தொடர்பு கொண்டிருந்த அரவிந்த் குப்தா, தீக்குச்சி, மிதிவண்டி வால்வுக் குழாய், பழைய செய்தித்தாள் முதலியவற்றால் அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகளை நூல்களாக எழுதி இணையத்தில் இலவசமாக வழங்கினார். இவருக்கு 2018 இல் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது.

இணைய வளங்கள்: கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கப்பட்ட ஃபெட் பாவனையாக்கங்கள் மின்சுற்று, அலை, அணு முதலியவற்றைத் திரையில் மாற்றிப் பார்க்க உதவுகின்றன. இவற்றுட் சில தமிழிலும் கிடைக்கின்றன. கான் கல்விக்கழகத்தின் காணொளிப் பாடங்களும், இரவு வானத்தைத் திரையில் காட்டும் கட்டற்ற மென்பொருளான ஸ்டெல்லேரியமும் கட்டணமின்றிக் கிடைப்பவை.

கருவிகள்

அதிக உருப்பெருக்கம் கொண்ட கருவியே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. விலை மலிந்த பொம்மை நுண்ணோக்கிகளில் 1,000 மடங்குக்கு மேல் எனக் குறிப்பிடப்பட்டாலும் உருவம் மங்கலாகவே தெரியும். வெங்காயத் தோலின் உயிரணுக்களைக் காண 100 மடங்கு போதுமானது. 40 முதல் 400 மடங்கு வரையிலான, கண்ணாடி வில்லைகள் கொண்ட நுண்ணோக்கி பள்ளிப் பருவம் முழுவதற்கும் போதும். மனு பிரகாசும் அவரது குழுவினரும் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2014 இல் அறிவித்த தாள் மடிப்பு நுண்ணோக்கி, சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டக்கூடியது.

வானியலிலும் இவ்வாறே. ஆட்டம் காணும் தாங்கியுடன் விற்கப்படும் மலிவான தொலைநோக்கியைவிட 7×50 அல்லது 10×50 அளவுள்ள இருகண் நோக்கி தொடக்கநிலையினருக்குப் பயன் மிக்கது. அதனை அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் காணலாம். அடுத்தடுத்த இரவுகளில் அவற்றின் நிலைகளை வரைந்துவந்தால் அவை வியாழனைச் சுற்றுவது புலனாகும்.

உள்ளடக்கத்தை மதிப்பிடல்

வீட்டில் கற்கும் பிள்ளைக்கு, நூலில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்ட வேறு ஆசிரியர் இல்லாமல் போகலாம். ஆகவே நூலின் சரித்தன்மை பள்ளியைவிட இங்கு முதன்மை பெறுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்கென வெளியாகும் அறிவியல் பாடநூல்களில் கணிசமானவை சமயச் சார்புடையவை. அப்போலோசியா, பி. ஜே. யு. ஆகிய பதிப்பகங்களின் நூல்கள் படைப்புக் கொள்கையை ஏற்று, படிவளர்ச்சியை மறுக்கின்றன. அறிவியலாளரிடையே ஏற்கப்பட்ட நிலைப்பாடு, உயிரினங்கள் பொது மூதாதையரிலிருந்து படிவளர்ச்சி அடைந்தன என்பதும், புவியின் அகவை சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பதும் ஆகும். இதனைக் கல்லாத மாணவர் பல்கலைக்கழக உயிரியலில் அடிப்படையிலிருந்தே தொடங்க நேரும்.

விடுபடல் வேறு காரணங்களாலும் நேரலாம். இந்தியாவில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2023 இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து படிவளர்ச்சிப் பகுதியும், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு குறித்த இயலும் நீக்கப்பட்டன. அவை மேல் வகுப்பு நூல்களில் உள்ளன. அப்பதிப்பை மட்டும் பயன்படுத்துவோர் இப்பகுதிகளுக்கு வேறு நூலை நாட வேண்டும்.

சோதனை சரியாக நடந்தும் விளக்கம் தவறாக அமையும் நிலையும் உண்டு. நீருள்ள தட்டில் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினால், சுடர் அணைந்து குவளைக்குள் நீர் உயரும். எரிதலில் ஆக்சிசன் தீர்ந்துவிட்டதால் அதன் இடத்தை நீர் நிரப்புகிறது எனப் பல நூல்கள் எழுதுகின்றன. உண்மையில் ஆக்சிசன் முழுவதும் தீருமுன்னரே சுடர் அணைந்துவிடும். சுடரால் சூடேறி விரிந்த காற்று, அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே நீர் உயர்வதற்கு முதன்மைக் காரணம்.

இதனைப் பிள்ளையே சோதித்தறியலாம். குவளையை மூடும்போது குமிழிகள் வெளியேறுகின்றனவா, நீர் சுடர் எரியும்போது உயர்கிறதா அல்லது அணைந்தபின் உயர்கிறதா எனக் கவனிக்க வேண்டும். அடுத்து, ஒன்றுக்குப் பதிலாக மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துச் செய்து பார்க்க வேண்டும். ஆக்சிசனே காரணம் எனில் நீர் ஏறத்தாழ அதே அளவே உயர வேண்டும்; ஆனால் மிகுதியாக உயரும். விடையை முன்னரே கூறிவிடும் நூலைக் காட்டிலும், இத்தகைய கேள்விகளுக்கு இடம் தரும் நூல் மேலானது.

ஒரு நூலைத் தெரிவு செய்யுமுன் பின்வருவனவற்றைப் பார்ப்பது வழக்கம்.

* படிவளர்ச்சி, புவியின் அகவை, தடுப்பூசி, தட்பவெப்ப மாற்றம் ஆகியவை பற்றிய பக்கங்கள் என்ன கூறுகின்றன.
* பருவங்களுக்குக் காரணம் புவி அச்சின் சாய்வு எனச் சரியாக விளக்குகிறதா. (புவி கதிரவனுக்கு மிக அருகில் இருப்பது சனவரித் தொடக்கத்தில் ஆகும்.)
* சோதனைகளுக்கான பொருள்கள் வாழும் ஊரில் கிடைக்குமா.
* சோதனை எதிர்பார்த்தவாறு அமையாவிட்டால் என்ன செய்வது என்பது கூறப்பட்டுள்ளதா.
* பிள்ளை தான் கண்டதை எழுதவும் வரையவும் அளக்கவும் வாய்ப்பு உள்ளதா.

பாதுகாப்பு

வீட்டில் புகைபோக்கி, கண் கழுவி போன்ற ஆய்வுகூட வசதிகள் இருப்பதில்லை. வெளுப்பானை அமிலத்துடன் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். அமோனியாவுடன் கலந்தால் குளோரமீன் உண்டாகும். வீட்டு மின்னிணைப்பைச் சோதனைகளுக்குப் பயன்படுத்தலாகாது, மின்கலங்களே போதுமானவை. இருகண் நோக்கியால் கதிரவனைப் பார்ப்பது கண்பார்வையை நிலையாகப் பாதிக்கும்.

மஞ்சள் தடவிய தாள் சவர்க்கார நீரில் சிவப்பதும், தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் அது பால் நிறமாவதும் எளிய சோதனைகள். இவற்றிலும் சுண்ணாம்பு கண்ணில் படாமலும், நீர் வாய்க்குள் செல்லாமலும் பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் வளங்கள்

தமிழ்நாடு அரசின் பாடநூல்களும், இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்வழிப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இணைந்து 1987 இல் தொடங்கிய துளிர், சிறுவருக்கான அறிவியல் இதழாகும். அரவிந்த் குப்தாவின் காணொளிகளுள் சில தமிழிலும் உள்ளன.

இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் கலைச்சொல் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வேதியியல், ஆக்சிஜன், நைட்ரஜன் என வழங்குபவை இலங்கையில் முறையே இரசாயனவியல், ஒட்சிசன், நைதரசன் என வழங்குகின்றன. படிவளர்ச்சி என்பது இலங்கை நூல்களில் கூர்ப்பு எனப்படும். பிள்ளை தன் குறிப்பேட்டில் இரு சொற்களையும் எழுதிவருவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

விமரிசனங்கள்

அறிவியலில் பயிற்சி இல்லாத பெற்றோரால் மேல்நிலை வகுப்புப் பாடங்களைக் கற்பிக்க இயலாது என்பதும், குழுவாக இணைந்து சோதனை செய்யும் வாய்ப்பு வீட்டில் குறைவு என்பதும் முதன்மையான விமரிசனங்கள். பல குடும்பங்கள் ஒன்றுகூடிக் கருவிகளைப் பகிர்ந்து வாரம் ஒருமுறை சோதனைகள் செய்வதும், மேல் வகுப்புகளுக்குத் தனியாசிரியரையோ கல்லூரி ஆய்வுகூடத்தையோ நாடுவதும் இதற்குத் தீர்வாகக் கையாளப்படுகின்றன. பள்ளிகளிலும் செய்முறை வகுப்புகள் ஒழுங்காக நடைபெறாத இடங்கள் உண்டு என்பதை வீட்டுக்கல்வி ஆதரவாளர் சுட்டிக்காட்டுகின்றனர். மேலே குறிப்பிட்ட எளிய பொருள் சோதனைகளும் கையேடுகளும் பள்ளி மாணவருக்கும் பயன்படக்கூடியவை.