இரவு ஒரு மணிக்கு எழும் பொறியியலாளர்: ஒரு சான்றின் மறுவாசிப்பு

சிப்பு நிறுவனங்களின் வேலைத்தளப் பண்பாட்டை ஒப்பிடுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஒரு சின்னக் கதையை. தாய்வானின் சிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியை நிறுவிய மொரிஸ் சாங் 2023இல் சொன்னது அது. இரவு ஒரு மணிக்கு இயந்திரம் ஒன்று பழுதாகிறது. அமெரிக்காவில் என்றால் அடுத்த நாள் காலையில் திருத்துவார்கள். தாய்வானில் இரண்டு மணிக்கே திருத்தி முடித்துவிடுவார்கள். உறக்கத்தில் அழைப்பு வந்த பொறியியலாளர் எழுந்து உடுத்துகிறார். என்னவென்று மனைவி கேட்கிறாள். தொழிற்சாலைக்குப் போகவேண்டும் என்கிறார். அவள் மறுபேச்சின்றி மீண்டும் தூங்கிப்போகிறாள்.

கிழக்காசியர் இயல்பிலேயே கடமைப்பற்று மிக்கவர்கள், அமெரிக்கர் மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்பவர்கள் என்பதற்கு இதை ஆதாரமாக்கும் வாசிப்பு ஒன்று நிலைபெற்றுவிட்டது. இக்கட்டுரை அதனுடன் உடன்படவில்லை. கதை நடப்பைத்தான் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது காட்டுவது ஓர் ஏற்பாட்டையே. இனத்தின் குணத்தை அல்ல.

முதலில் சொன்னவரைக் கவனிக்க வேண்டும். சாங் 1958 முதல் 1983 வரை, கால் நூற்றாண்டு, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் வேலை செய்தவர். டிஎஸ்எம்சி பிறந்தது 1987இல். தாய்வானிய ஒழுங்கின் முகமாகக் காட்டப்படுபவரின் தொழில்வாழ்வு அமெரிக்கத் தொழிற்சாலையில் உருவானது.

அடுத்தது, கதைக்குள் இருக்கும் அந்த ஒரு மணித்தியாலம். எழுந்து, உடுத்து, போய், திருத்தி முடிக்க ஒரு மணித்தியாலம் போதுமென்றால் வீடு தொழிற்சாலைக்கு அருகில் இருக்கவேண்டும். 1980இல் அமைந்த தாய்வானின் சிஞ்சு அறிவியல் பூங்காவைச் சுற்றி அத்தகைய தொழிலாளர் குடியிருப்பே வளர்ந்தது. இன்று மிகைப் புறஊதா ஒளியால் சிப்பு அச்சிடும் இயந்திரம் ஒன்றின் விலை 15 கோடி டொலரைத் தாண்டும். அது நின்றால் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். அந்த நட்டம் யாருடைய மடியில் விழுகிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மன்னாரின் மீனவ ஊரான விடத்தல்தீவுக் கரையில் நின்று வாசித்தால் இக்கேள்விக்கு விடை தெளியும். அங்கும் இரவில் எழுந்து கடலுக்குப் போகிறார்கள். எண்ணெய்ச் செலவு கழித்து மிஞ்சுவதில் வள்ளத்துக்கும் வலைக்கும் ஒரு பங்கு, தொழிலாளிக்கு ஒரு பங்கு. இயந்திரம் பழுதானால் வள்ளத்தின் உரிமையாளரான சம்மாட்டிக்கு மட்டுமா நட்டம்? அன்றைய பங்கு எல்லோருக்கும் போயிற்று. அதனால் யாரும் ஏவாமலே எழுந்து திருத்துகிறார்கள். இதைப் பரம்பரைக் குணம் என்று சொல்ல அந்தக் கரையில் ஆளில்லை. பங்கு என்ற ஒரு சொல்லே அவர்களுக்குப் போதும்.

தாய்வானிலும் அதே சொல்தான் வேலை செய்தது. அங்குள்ள தொழினுட்ப நிறுவனங்கள் நெடுங்காலம் ஆண்டு இலாபத்தின் ஒரு பகுதியை ஊழியருக்கு நிறுவனப் பங்குகளாகவே கொடுத்தன. 2008இல் கணக்கு விதி மாறும்வரை அதைச் செலவாகக் காட்டவேண்டியதும் இல்லை. இயந்திரம் ஓடினால் பொறியியலாளரின் சொத்தும் வளரும். கடலோடிக்குக் கிடைக்காத மாதச் சம்பளம் அவருக்கு உண்டு என்பதால் இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது. ஆனால் அது சுட்டும் திசை சரியானது. 2014இல் 10 நனோமீற்றர் ஆய்வை இரவும் பகலும் நடத்த டிஎஸ்எம்சி தொடங்கிய திட்டம் இதை உறுதிப்படுத்துகிறது. அதில் இரவு வேலைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் இலாபப் பங்கில் 50 சதவீதமும் கூட்டிக் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இரவில் எழுவது இரத்தத்தில் ஊறியதாயின் இந்தக் கூடுதல் கொடுப்பனவு எதற்கு?

எதிர்ப்பக்கமான அமெரிக்காவின் சான்று இன்னும் வலியது. இன்டெலில் அன்ட்ரூ குரோவ் காலை 8.05க்குப் பின் வருவோர் கையெழுத்திடவேண்டிய ஏடு ஒன்றை 1970களில் வைத்தார். ஜப்பானியப் போட்டி கழுத்தை நெரித்த 1981இல் அதே நிறுவனம் தன் ஊழியரை ஆறு மாதம் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஊதியமின்றிக் கூடுதலாக உழைக்கச் சொன்னது. அதே சிலிக்கன் பள்ளத்தாக்கில், சில கிலோமீற்றர் தள்ளி, ஜெரி சாண்டர்ஸின் ஏஎம்டி ஆட்குறைப்பே செய்வதில்லை என்ற கொள்கையோடு நடந்தது. 1980களின் நடுவில் சந்தை சரிந்தபோதுதான் அதைக் கைவிட்டது. இரு நிறுவனங்களின் தலைவர்களும் பெயர்சைல்ட் என்ற முன்னோடிச் சிப்பு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள். ஒரே நாடு, ஒரே தொழில், ஒரே வேர். வேலைத்தள ஒழுங்கு மட்டும் வேறு. தேசிய குணம் என்ற விளக்கம் இங்கே தாங்காது.

கொன்பியூசிய மரபைக் காட்டி மறுப்போருக்கு 2024 யூலையைச் சுட்டினால் போதும்: அதே மரபுள்ள தென்கொரியாவில் சாம்சங் இலத்திரனியல் தொழிலாளர் தம் நிறுவன வரலாற்றின் முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அமெரிக்காவின் அரிசோனாவும் யோசிக்க வைக்கிறது. அங்குள்ள டிஎஸ்எம்சி ஆலையின் ஆரம்ப விளைச்சல் வீதம், அதாவது பழுதின்றி வெளிவரும் சிப்புகளின் வீதம், தாய்வானின் ஒத்த ஆலைகளை விட ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்ததாக 2024 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டது. தாய்வானிலிருந்து போன பொறியியலாளரும் அங்கு நிறைய இருந்தார்கள். ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

எஞ்சியிருப்பவள் அந்த மனைவி. முந்தைய வாசிப்பு அவள் மௌனத்தை இசைவு என்று எழுதிவிட்டு நகர்ந்தது. அதன் மிகப்பெரிய பிழை இதுவே. மன்னார்க் கரையோரத்தில் கடலுக்குப் போனவர் திரும்புமுன் பெண்கள் கரைக்கு வந்துவிடுகிறார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவதும் வலையைத் துப்புரவாக்குவதும் பெரும்பாலும் அவர்கள் கையில். ஆனாலும் பங்கு பிரிக்கும் கணக்கில் வள்ளத்துக்கு இருக்கும் இடம் அந்த வேலைக்கு இல்லை. சிஞ்சுவிலும் கணவர் இரவில் எழுந்து போனபின் வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கும் ஒருவர் உண்டு. அந்த உழைப்பை நிறுவனத்தின் எந்தக் கணக்கும் பதிவதில்லை. போட்டி நிறுவனங்களை இனி ஒப்பிட வருவோர் சம்பள ஏட்டோடு வீட்டின் நேரக் கணக்கையும் திரட்டவேண்டும். அதுவரை சாங்கின் கதையைப் பண்பாட்டுச் சான்றாக ஏற்க முடியாது.