மழையில் பெற்ற வெற்றிக்கிண்ணம்

பயிற்சி ஆசான்கள் உருவாக்கிய வீரர்கள் பலர். தம் கண்களையும் கைகளையுமே ஆசானாகக் கொண்டு உயர்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சேவ்சங்கர் செவ்கோலம். ‘பாப்வா’ என்னும் பெயராலேயே விளையாட்டுலகம் அவரை அறிந்தது.

1860ஆம் ஆண்டு முதல் சென்னை, கல்கத்தாத் துறைமுகங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகள், நேட்டால் மாநிலக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். அத்தகையோர் வழித்தோன்றலே பாப்வா. வறுமையினால் எழுதப் படிக்க அறியாதவராகவே வளர்ந்தார். டர்பன் நகரில், வெள்ளையர் ஆடிய கோல்ஃப் திடல்களில் மட்டைப் பை சுமந்து பிழைத்தார். பிறர் ஆடக் கண்டே ஆட்டத்தைக் கற்றார்.

வலக்கை ஆட்டக்காரர் மட்டைப் பிடியில் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழும் வைத்துப் பற்றுவதே மரபு. பாப்வாவோ இதனை மாற்றிப் பற்றினார். திருத்துவார் இன்மையால் அம்முறையே பழக்கமாயிற்று, பழக்கமே ஆற்றலாயிற்று.

அவர் பை சுமந்தவர்களுள் ஒருவர், ‘ஆயில் ஆஃப் ஓலே’ என்னும் முகப்பூச்சை உருவாக்கிய கிரஹாம் உல்ஃப். அவர் துணையால் 1959இல் ஐரோப்பா சென்ற பாப்வா, ஹாலந்தின் ‘டச்சு ஓப்பன்’ போட்டியில் வாகை சூடினார். 1960, 1964 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வெற்றியை மீண்டும் பெற்றார்.

அயல்நாடு போற்றிய அவ்வீரரைத் தாய்நாடு எவ்வாறு நடத்தியது? 1963இல் டர்பனில் நடந்த ‘நேட்டால் ஓப்பன்’ போட்டியில், புகழ்வாய்ந்த வெள்ளை வீரர்களை வென்று அவர் முதலிடம் பெற்றார். ஆயினும் வெள்ளையரோடு மன்றக் கட்டடத்தினுள் நுழைய நிறவெறி ஆட்சி அவருக்கு இடந்தரவில்லை. கொட்டும் மழையில், வெளியே நின்றே வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றார். அக்காட்சியின் நிழற்படம் கண்டு உலகம் வெகுண்டது. ஒரு நாட்டின் சட்டத்தையே தலைகுனியச் செய்தது அக்கிண்ணம்!

1965இல் அதே போட்டியில், உலகப் பெரும்போட்டிகள் மூன்றில் அதற்கு முன்பே வென்றிருந்த கேரி பிளேயரையும் அவர் முந்தினார். திடலில் அவரை வெல்ல இயலாத நிறவெறி, திடலையே அவருக்கு மூடியது. உள்நாட்டுப் போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. ஆற்றல் குன்றாத பருவத்தில் வாழ்வுத் தொழிலை இழந்த பாப்வா, 1978இல் வறுமையிலேயே மறைந்தார்.

இன்று டர்பன் நகராட்சியின் கோல்ஃப் திடல் ஒன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பெருமைதான்; எனினும் அவர் இழந்த ஆண்டுகளை அப்பெயர்ப்பலகை மீட்டுத் தருமா? தானே கற்று உயர்வது தனிமனிதனின் வெற்றி. அவ்வுயர்வுக்குக் கதவு திறந்து வைத்தல் சமுதாயத்தின் கடமை. முன்னதை நிறைவாகச் செய்தார் பாப்வா. பின்னதைச் செய்யத் தவறியது அவர் பிறந்த நாடு.